கார் ரேடியேட்டர் ஃபேன் மோட்டார்: பழுதை உறுதிசெய்து மாற்றும் முறை

நெடுஞ்சாலையில் ஓடும்போது நடுவில் நிற்கும் வெப்பமானி முள், நெரிசலில் சிக்கியதும் மேலே ஏறத் தொடங்கி, வண்டி மீண்டும் வேகமெடுத்ததும் இறங்கிவிடுகிறது என்றால், முதலில் பார்க்க வேண்டிய இடம் ரேடியேட்டர் ஃபேன். வேகமாகச் செல்லும் காருக்கு முன்புற கிரில் வழியாக வரும் காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கப் போதுமானது. நின்ற இடத்தில் அந்தக் காற்று கிடையாது, ஃபேன் மட்டுமே உண்டு. ஏசியின் வெப்பத்தை வெளியேற்றும் கண்டென்சரும் ரேடியேட்டருக்கு முன்னால் அதே காற்றை நம்பி நிற்பதால், சிக்னலில் நிற்கும்போது ஏசி குளிர் குறைந்து, கிளம்பிய பின் சரியாவதும் இதே பழுதின் அடையாளமாக இருக்கலாம். பல சமயம் முள் ஏறுவதற்கு முன்பே இது தெரிந்துவிடும். சிறிய கார்கள் பலவற்றில் இப்போது முள்ளே கிடையாது. எஞ்சின் குளிர்ந்திருந்தால் நீல விளக்கும், அளவு மீறிச் சூடானால் சிவப்பு விளக்கும் எரியும், அவ்வளவுதான். அத்தகைய கார் வைத்திருப்போர் ஏசி தரும் இந்த முன்னறிவிப்பைக் கூர்ந்து கவனிக்க வேண்டும், ஏனெனில் சிவப்பு விளக்கு எரியும் நேரத்தில் எஞ்சின் ஏற்கெனவே ஆபத்தான வெப்பத்தை எட்டியிருக்கும்.

இங்கே விளக்கப்படும் முறை, எஞ்சின் குறுக்காகப் பொருத்தப்பட்ட, முன்சக்கரங்களால் இயங்கும் சிறிய பெட்ரோல் கார்களுக்கு உரியது. மாருதி ஆல்ட்டோ, வேகன் ஆர், ஸ்விஃப்ட், ஹூண்டாய் ஐ10 போன்றவை இந்த வகையில் அடங்கும். இவற்றில் ரேடியேட்டருக்குப் பின்னால், ஒரு பிளாஸ்டிக் கூட்டுக்குள், பேட்டரி மின்சாரத்தில் ஓடும் ஃபேன் இருக்கும். அந்தக் கூட்டைக் கடைகளில் ஷ்ரவுட் என்று கேட்க வேண்டும். அம்பாசடர், பொலேரோ போன்ற வண்டிகளில் ஃபேனை எஞ்சினே பெல்ட் மூலம் சுழற்றுவதால் அவற்றுக்கு இந்த முறை பொருந்தாது. அண்மைக் காலத்துக் கார்கள் சிலவற்றில் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கடத்தும் கார்பன் பிரஷ் இல்லாத, கணினியின் சைகைக்கு ஏற்ப வேகத்தை மாற்றிக்கொள்ளும் மோட்டார்கள் வருகின்றன. அவற்றைக் கழற்றி மாட்டும் வேலை ஏறக்குறைய இதுவேதான் என்றாலும், கீழே சொல்லப்படும் மின்சாரச் சோதனைகளை அவற்றில் செய்யக் கூடாது. சைகைக் கம்பியில் நேரடியாக 12 வோல்ட் கொடுத்தால் உள்ளே இருக்கும் மின்னணுச் சுற்று எரிந்துபோகும்.

வழியில் எஞ்சின் சூடேறினால்

வேலையைத் தொடங்குவதற்கு முன் இதைச் சொல்லியாக வேண்டும். ஓட்டிக்கொண்டிருக்கும்போது வெப்பம் ஏறுவது தெரிந்தால் ஏசியை நிறுத்திவிட்டு, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, புளோயரை முழு வேகத்தில் ஓடவிட வேண்டும். ஹீட்டரின் உள்ளே இருப்பதும் ஒரு சிறிய ரேடியேட்டர்தான் என்பதால், எஞ்சினின் வெப்பத்தில் ஒரு பகுதி அதன் வழியாக வெளியேறும். உள்ளே இருப்பவர்களுக்குப் புழுக்கமாக இருந்தாலும் எஞ்சின் பிழைக்கும். அப்படியும் முள் இறங்கவில்லை என்றால், அல்லது சிவப்பு விளக்கு எரிந்துவிட்டால், பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டி எஞ்சினை அணைத்துவிட வேண்டும். அலுமினியத்தால் ஆன சிலிண்டர் ஹெட் மிகையான வெப்பத்தில் வளைந்து, அதன் அடியில் கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கட் போய்விட்டால், ஆகும் செலவு ஃபேன் மோட்டாரின் விலையைப் போலப் பல மடங்காகிவிடும்.

சூடான ரேடியேட்டரின் மூடியை எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது. அந்த மூடி, குளிர்விக்கும் நீரை வளிமண்டல அழுத்தத்தைவிட ஏறத்தாழ ஒரு பார் கூடுதலான அழுத்தத்தில் அடைத்து வைத்திருக்கிறது. அந்த அழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல், 120 டிகிரி செல்சியஸ் வரை திரவமாகவே இருக்கும். மூடியைத் திறந்த கணத்தில் அழுத்தம் போய், உள்ளே இருக்கும் நீர் நீராவியாக மாறி முகத்தில் பீறிடும். சூடான எஞ்சின் மீது பச்சைத் தண்ணீர் ஊற்றுவதும் தவறு. திடீர்க் குளிர்ச்சியில் உலோகம் விரிசல் விடக்கூடும். ரேடியேட்டரின் மேல் ஹோஸை (ரப்பர் குழாயை) கையால் தயக்கமின்றிப் பிடிக்க முடிகிற அளவுக்கு ஆறும் வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

மோட்டார்தான் பழுதா?

ஃபேன் ஓடவில்லை என்றவுடன் புது மோட்டார் வாங்கிவிடுவது வழக்கமாகிவிட்டது. மாற்றுவது பொறுமையுள்ள எவராலும் சில மணி நேரத்தில் முடிக்கக்கூடிய வேலை. பழுது மோட்டாரில்தான் என்று உறுதிசெய்வதே இதில் அறிவைக் கேட்கும் பகுதி. அதைத் தவறவிட்டால் புது மோட்டாரும் ஓடாது, அல்லது சில மாதங்களில் எரிந்துபோகும்.

மின்சாரம் வரும் வழியை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். பேட்டரியிலிருந்து, எஞ்சின் அறையில் உள்ள ஃபியூஸ் பெட்டியில், பெரும்பாலும் 30 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றைத் தாண்டி, ரிலே எனும் மின்சார சுவிட்சின் வழியாக மோட்டாருக்கு மின்சாரம் வருகிறது. மோட்டாரிலிருந்து எர்த் கம்பி வழியாக வண்டியின் உடலுக்குத் திரும்புகிறது. ரிலேயை எப்போது மூட வேண்டும் என்று முடிவுசெய்வது எஞ்சின் கணினி. கூலண்ட் எனும் குளிர்விக்கும் நீரின் வெப்பத்தை அளக்கும் சென்சாரின் மின்தடை, வெப்பம் ஏற ஏறக் குறையும். அதைக் கணினி படித்து, பல கார்களில் 95 முதல் 100 டிகிரி செல்சியஸுக்குள் ஃபேனை ஓடவிட்டு, சில டிகிரி இறங்கியதும் நிறுத்துகிறது. ஆக, ஃபியூஸ், ரிலே, சென்சார், கணினி, கப்ளர் (கம்பிகளை இணைக்கும் செருகி), எர்த், மோட்டார் ஆகிய ஏழில் எது போனாலும் ஃபேன் சுற்றாமல் போகலாம்; வெளியே தெரிவது அது ஒன்றுதான்.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது முதலில் கூலண்ட் அளவைப் பாருங்கள். கூலண்ட் மிகவும் குறைந்துவிட்டால் சென்சாரின் முனை நீரில் மூழ்காமல் காற்றிலும் ஆவியிலும் நிற்கும். கணினிக்கு உண்மையான வெப்பம் தெரியாததால் நல்ல ஃபேனும் ஓடாமல் கிடக்கும். அளவு சரியாக இருந்தால் எஞ்சினை ஓடவிட்டு ஏசியைப் போடுங்கள். பெரும்பாலான கார்களில் ஏசி கம்ப்ரசர் வேலைசெய்யத் தொடங்கியதும் சற்று நேரத்தில் ஃபேனும் ஓட வேண்டும். ஏசியோடு ஓடுகிறது, ஆனால் எஞ்சின் சூடேறும்போது தானாக ஓடுவதில்லை என்றால், மோட்டார் நல்ல நிலையில் இருக்கிறது. சென்சாரையும் அதன் கம்பிகளையும் சந்தேகிக்க வேண்டும். இரண்டு வேகம் உள்ள ஃபேன்களில் குறைந்த வேகம் மட்டும் போய், அதிக வேகம் மட்டும் வேலைசெய்தால், கூட்டின் மீது பொருத்தப்பட்டுள்ள ரெசிஸ்டர் போயிருக்கிறது என்று கொள்ளலாம்.

அடுத்து சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிய பிறகு, ஃபேனைக் கையால் சுற்றிப் பாருங்கள். நெகட்டிவைக் கழற்றச் சொல்வது சம்பிரதாயத்துக்காக அல்ல. சில கார்களில் சாவி எடுத்த பின்னும், எஞ்சின் சூட்டுக்கு ஏற்ப ஃபேன் திடீரென ஓடத் தொடங்கும்; விரல் அங்கே இருந்தால் தப்பாது. இறக்கை காந்தத்தின் இலேசான பிடிப்போடு சுற்ற வேண்டும். இறுகிக் கிடந்தாலோ, உள்ளே உராயும் சத்தம் கேட்டாலோ, இறக்கையைப் பக்கவாட்டில் அசைக்கும்போது தண்டு ஆடினாலோ, தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்த மோட்டார் அது. மேற்கொண்டு சோதனை தேவையில்லை.

நன்றாகச் சுற்றினால், நெகட்டிவ் முனையை மீண்டும் இணைத்து ஃபியூஸைப் பாருங்கள். எரிந்திருந்தால் அதே ஆம்பியரில் மட்டுமே புதியதைப் போட வேண்டும். அதைவிடப் பெரிய ஃபியூஸ் போட்டால், அடுத்த முறை எரியப்போவது கம்பிதான். ஃபேன் ஃபியூஸ் காரணமில்லாமல் எரிவதில்லை: மோட்டார் இறுகியிருக்கும், அல்லது எங்கோ கம்பி தேய்ந்து உடலைத் தொட்டுக்கொண்டிருக்கும். ரிலேயைச் சோதிக்க எளிய வழி, அதே பெட்டியில் உள்ள இன்னொரு ரிலேயோடு இடம் மாற்றிப் பார்ப்பது. இரண்டின் மீதும் உள்ள எண்ணும் கால்களின் அமைப்பும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே மாற்ற வேண்டும்.

இனி மோட்டாரின் கப்ளரைக் கழற்றிப் பாருங்கள். பிளாஸ்டிக் உருகியிருக்கிறதா, பின்கள் கறுத்திருக்கின்றனவா, பச்சைக் களிம்பு ஏறியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். கப்ளரின் வண்டிப் பக்கத்து முனையில் மின்சாரம் வருகிறதா என்று அறிய மல்டிமீட்டரை மட்டும் நம்பாதீர்கள். மல்டிமீட்டர் ஏறக்குறைய மின்னோட்டமே எடுக்காத கருவி. கம்பியில் ஒரே ஒரு இழை அறுபடாமல் இருந்தாலும் அது 12 வோல்ட் காட்டிவிடும். மோட்டாரோ 10 ஆம்பியரை ஒட்டிக் கேட்கக்கூடியது. அந்த ஒற்றை இழை அதைத் தாங்காது. எனவே பழைய ஹெட்லைட் பல்பு ஒன்றில் இரண்டு கம்பிகளைச் சேர்த்துச் சோதனை விளக்காக வைத்துக்கொள்வது நல்லது. 55 வாட் பல்பு நான்கைந்து ஆம்பியர் இழுக்கும் என்பதால், கம்பியின் உண்மையான பலம் அதில் தெரிந்துவிடும். எஞ்சினை ஓடவிட்டு ஏசியைப் போட்டு இந்த விளக்கை இணைக்கும்போது பளிச்சென எரிந்தால், மின்சாரமும் எர்த்தும் மோட்டார் வரை நன்றாக வருகின்றன. மங்கலாக எரிந்தால், அல்லது எரியவே இல்லை என்றால், பழுது வழியில் இருக்கிறது. பல்பு சில நொடிகளிலேயே கடுமையாகச் சூடாகும். பிளாஸ்டிக்கின் மீதோ ஹோஸின் மீதோ வைக்கக் கூடாது.

இறுதிச் சோதனை, மோட்டாருக்கு நேரடியாக மின்சாரம் கொடுப்பது. எஞ்சினை அணைத்து, கப்ளரைக் கழற்றிய நிலையில், 2.5 சதுர மில்லிமீட்டர் அளவுள்ள இரண்டு கம்பிகளில், பாசிட்டிவ் கம்பியில் 30 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றைச் சேர்த்து, பேட்டரிப் பக்கத்தை முதலில் இணைத்துவிட்டு, கடைசி இணைப்பை மோட்டார்ப் பக்கத்தில் கொடுக்க வேண்டும். கடைசி இணைப்பில் தீப்பொறி வரும். பேட்டரியின் அருகே ஹைட்ரஜன் வாயு இருக்கக்கூடும் என்பதால் பொறி அங்கே வரக் கூடாது. கை, துணி, கழுத்துத் துண்டு எதுவும் இறக்கையின் அருகே இருக்கக் கூடாது. ஒரு முறை ஓடிவிட்டது என்பதற்காக மோட்டாரை நல்லது என்று விட்டுவிடாதீர்கள். கார்பன் பிரஷ் தேய்ந்த மோட்டாரும், பிரஷ் உரசும் செம்பு வளையமான கம்யூட்டேட்டரில் ஒரு துண்டு செத்துப்போன மோட்டாரும், நின்ற இடத்தைப் பொறுத்து ஒரு சமயம் ஓடும், ஒரு சமயம் ஓடாது. மின்சாரத்தைத் துண்டித்து, இறக்கையைச் சிறிது திருப்பி வைத்து, மறுபடி கொடுத்து, இப்படிப் பல நிலைகளில் பார்க்க வேண்டும். எந்த நிலையிலாவது தயங்கினால், அல்லது மோட்டாரின் முதுகில் ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தட்டினால்தான் ஓடுகிறது என்றால், அதுவே தீர்ப்பு.

மின்சாரம் வராதது கம்பியின் குறை என்று தெரிந்த பின்னும், சிலர் ஃபேனுக்கு இக்னிஷனிலிருந்து நேரடியாகக் கம்பி இழுத்து "டைரக்ட்" போட்டுத் தருகிறார்கள். அல்லது டேஷ்போர்டில் ஒரு சுவிட்ச் வைத்துவிடுகிறார்கள். வீடு போய்ச் சேர்வதற்கான ஏற்பாடாக மட்டும் அது இருந்தால் சரி. நிரந்தரமாக விட்டால், தேவையில்லாத நேரத்திலும் ஓடி மோட்டாரின் ஆயுள் குறையும். சுவிட்சைப் போட மறக்கும் ஒரு மாலையில் எஞ்சின் போகும். எஞ்சின் சூடாகும் வரை கூலண்டை ரேடியேட்டருக்கு விடாத தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடுவதும் இதே வகைதான். அதனால் எஞ்சின் உரிய வெப்பத்தை அடையத் தாமதமாகி, எரிபொருள் கூடுதலாகச் செலவாகும். ஃபேனின் பழுது அப்படியே இருக்கும்.

வாங்குவது

மோட்டாரைத் தனியாகவும் வாங்கலாம், இறக்கையும் கூடும் சேர்ந்த முழுத் தொகுதியாகவும் வாங்கலாம். இறக்கையில் விரிசலோ கூட்டில் முறிவோ இல்லாவிட்டால் மோட்டார் மட்டும் போதும். வண்டியின் சேஸிஸ் எண்ணைக் கொடுத்துக் கேட்பதோடு, பழைய மோட்டாரையும் கையோடு கொண்டுபோய் ஒப்பிடுவது மிகவும் நல்லது. தண்டின் நீளம், அதன் முனையின் வடிவம், திருகுத் துளைகளின் இடைவெளி, கப்ளரின் பின்கள், சுற்றும் திசை ஆகிய ஐந்தும் ஒத்துப்போக வேண்டும். ஒரே பெயரில் விற்கப்பட்ட காரிலேயே, எஞ்சினும் ஆண்டும் மாறும்போது மோட்டாரும் மாறியிருக்கலாம். சென்னையில் புதிய பாகங்களுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலையும், பழைய பாகங்களுக்குப் புதுப்பேட்டையும் பெயர் பெற்றவை. புதுப்பேட்டையில் கூட்டையோ இறக்கையையோ தயங்காமல் வாங்கலாம்; மோட்டாரை வாங்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து, ஏனெனில் உள்ளே கார்பன் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பது வெளியே தெரியாது. டென்சோ, வேலியோ, போஷ் போன்றவை ஃபேன் மோட்டார் தயாரிக்கும் பெயர் பெற்ற நிறுவனங்கள். எதை வாங்கினாலும் பில்லோடு வாங்கி, கடையிலேயே பேட்டரியில் ஓடவிட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

ஊர்களில் ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள் பழைய மோட்டாரைப் பிரித்து கார்பன் மாற்றித் தருவதுண்டு. புஷ் தேயாமல், கம்யூட்டேட்டர் வழவழப்பாக இருக்கும் மோட்டாருக்கு, கைதேர்ந்தவர் செய்தால் அது பயனுள்ள வேலைதான். தண்டு ஆடும் மோட்டாருக்கு அந்தச் செலவு வீண்.

கழற்றுவது

எஞ்சின் முழுவதுமாகக் குளிர்ந்திருக்க வேண்டும். காலையில் வண்டியை எடுப்பதற்கு முன் செய்வது உத்தமம். 10 மற்றும் 12 மில்லிமீட்டர் சாக்கெட்டுகள், நீட்டிப்புக் கம்பியோடு ராட்செட், ஸ்டார் மற்றும் தட்டை ஸ்க்ரூ டிரைவர்கள், ஹோஸ் கிளிப்புக்கு ஒரு பிளையர், கூலண்ட் பிடிக்க ஒரு தட்டு, கையுறை, ரேடியேட்டர் அளவுக்கு வெட்டிய தடித்த அட்டை ஆகியவை போதும். சமதளத்தில் நிறுத்தி, கைப்பிரேக்கைப் போட்டு, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி ஒதுக்கிக் கட்டிவிடுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டால், மாட்டும்போது எந்தக் கம்பி எந்தக் கிளிப்பில் இருந்தது என்ற குழப்பம் வராது.

ஃபேனுக்கு மேலே குறுக்கே செல்லும் காற்றுக் குழாய் இருந்தால் அதை முதலில் எடுத்துவிடலாம். கப்ளரின் பூட்டை அழுத்திக் கழற்றி, கூட்டில் செருகியிருக்கும் கம்பிக் கிளிப்புகளை விடுவியுங்கள். பழைய பிளாஸ்டிக் வெப்பத்தில் நொறுங்கும் தன்மையை அடைந்திருக்கும். கம்பியைப் பிடித்து இழுக்காமல், பூட்டைத் தட்டை ஸ்க்ரூ டிரைவரால் மெல்ல நெம்ப வேண்டும். சில கார்களில் மேல் ஹோஸ் வழியை மறிக்கும். அப்போது ரேடியேட்டரின் அடியில் உள்ள வடிகால் திருகைத் தளர்த்தி, ஹோஸின் மட்டத்துக்குக் கீழே வரும் வரை கூலண்டைச் சுத்தமான தட்டில் இறக்கிவிட்டு, அதன் பின் ஹோஸைக் கழற்ற வேண்டும். ஹோஸ் ஒட்டிக்கொண்டிருந்தால் முறுக்கித் தளர்த்துங்கள். ரேடியேட்டரின் பிளாஸ்டிக் மூக்கில் நெம்புகோல் வைத்தால் மூக்கே உடைந்துவிடும்.

கூட்டை ரேடியேட்டரோடு பிடித்திருக்கும் போல்ட்டுகள் பொதுவாக மேலே இரண்டு இருக்கும்; சில கார்களில் கீழேயும் உண்டு. அடிப்பகுதி பெரும்பாலும் ரேடியேட்டரின் பள்ளங்களில் வெறுமனே செருகி நிற்கும். துருப்பிடித்த போல்ட் என்றால் துரு நீக்கும் எண்ணெய் விட்டுச் சற்று நேரம் காத்திருங்கள். ரேடியேட்டரின் தொட்டி பிளாஸ்டிக்கால் ஆனது. அதில் பதித்த உலோக மரை, முரட்டுத்தனமாகத் திருகினால் போல்ட்டோடு சேர்ந்து சுற்றத் தொடங்கிவிடும்.

போல்ட்டுகள் வந்ததும், கூட்டை எஞ்சின் பக்கம் சற்று சாய்த்து, ரேடியேட்டருக்கும் கூட்டுக்கும் இடையில் அட்டையைச் செருகுங்கள். இந்த ஒரு சிறு ஏற்பாட்டைத் தவிர்ப்பவர்கள்தான் ரேடியேட்டரையும் சேர்த்து மாற்ற நேர்கிறது. ரேடியேட்டரின் மெல்லிய அலுமினியத் தகடுகளில் கூட்டின் முனை ஒரு முறை உரசினால் அவை மடங்கிக் காற்றை அடைத்துவிடும். குழாயில் குத்தினால் ஒழுகும். அட்டை நின்ற பிறகு கூட்டை நேராக மேலே தூக்கி எடுக்கலாம். எங்காவது சிக்கினால் இழுக்காமல் நிறுத்தி, எது பிடிக்கிறது என்று பாருங்கள்: விடுபடாத ஒரு கிளிப்பாகவோ, ஆட்டோமேட்டிக் கார்களில் கியர் எண்ணெய்க் குழாயாகவோ இருக்கும்.

மோட்டாரை மாற்றுவது

கூட்டை மேசை மீது வைத்து, பழைய மோட்டார் எந்தக் கோணத்தில் நிற்கிறது, கம்பி எந்தப் பக்கம் வெளியேறுகிறது என்று பெயிண்ட் மார்க்கரால் குறித்துக்கொள்ளுங்கள். மோட்டாரின் உடலில் நீர் வடியும் சிறு துளை இருந்தால் அது கீழ்நோக்கியே நிற்க வேண்டும். கோணம் மாறி அந்தத் துளை மேலே போனால், மழைக்காலத்தில் மோட்டார் உள்ளே நீரைச் சேமித்துக்கொள்ளும்.

இறக்கை, தண்டில் ஒரு நட்டாலோ கிளிப்பாலோ பிடிக்கப்பட்டிருக்கும். சில மோட்டார்களில் அந்த நட்டுக்கு இடது மரை இருக்கும். அதைக் கழற்ற வழக்கத்துக்கு மாறாக, கடிகாரச் சுற்றில் திருப்ப வேண்டும். மிதமான பலத்தில் அசையாத நட்டை மேலும் அழுத்தாமல், தண்டின் நுனியில் தெரியும் மரையின் சாய்வைப் பார்த்துவிட்டு எதிர்த் திசையில் முயலுங்கள். இறக்கையைத் துணியால் சுற்றிக் கையால் பிடித்துக்கொள்ள வேண்டும். இறக்கைகளுக்கு நடுவே ஸ்க்ரூ டிரைவரைச் செருகித் தடுத்தால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழுந்து, ஃபேன் வேகமாகச் சுற்றும்போது அதிர்ந்து, புது மோட்டாரின் புஷ்ஷைத் தின்றுவிடும். கழற்றிய இறக்கையைக் கழுவி, நடுக்குமிழைச் சுற்றி விரிசல் உள்ளதா என்று பாருங்கள்.

மோட்டாரைக் கூட்டோடு பிடித்திருக்கும் திருகுகள் பெரும்பாலும் மூன்று. புதிய மோட்டாரைக் குறித்த கோணத்தில் வைத்து, மூன்றையும் கையால் செருகிய பிறகு, ஒன்றை முழுதாக முறுக்காமல் மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். இறக்கையை மாட்டி, கையால் ஒரு முழுச் சுற்று சுற்றி, அதன் நுனிக்கும் கூட்டுக்கும் இடையில் உள்ள இடைவெளி எங்கும் சீராக இருக்கிறதா என்று பாருங்கள். ஓரிடத்தில் உரசினால் மோட்டார் சரியாக உட்காரவில்லை.

கூடு வெளியே இருக்கும் இந்த நேரம், வேறு எப்போதும் கிடைக்காத வாய்ப்பு. அட்டையை எடுத்துவிட்டு ரேடியேட்டரின் பின்புறத்தைப் பாருங்கள். இலைச்சருகு, பூச்சி, மண் எல்லாம் தகடுகளுக்கு இடையில் அடைந்திருக்கும். எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிநோக்கி, சாதாரணத் தோட்டக் குழாயின் மெல்லிய நீரால் கழுவலாம். வாட்டர் சர்வீஸ் நிலையத்தின் உயர் அழுத்தக் குழாயை இங்கே பயன்படுத்தக் கூடாது, தகடுகள் மடங்கிவிடும். பிளாஸ்டிக் தொட்டியும் அலுமினியமும் சேரும் ஓரத்தில் வெள்ளையாகவோ பச்சையாகவோ உலர்ந்த கறை தெரிந்தால் அங்கே கசிவு இருக்கிறது.

கப்ளர் உருகியிருந்தால் அதையும் இப்போதே மாற்ற வேண்டும். தேய்ந்த மோட்டார் கூடுதல் மின்னோட்டத்தை இழுக்க, கப்ளர் சூடாகி, அதன் பிடி தளர்ந்திருக்கும். தளர்ந்த பிடியில் மின்தடை கூடி, மேலும் சூடாகும். அந்தக் கப்ளரில் புது மோட்டாரைச் செருகினால் அது முழு மின்னழுத்தத்தைப் பெறாது. கம்பியோடு வரும் புதுக் கப்ளரை வாங்கி, அதே தடிமனில் இணைத்து, வெப்பத்தில் சுருங்கும் உறை போட வேண்டும். இன்சுலேஷன் டேப் எஞ்சின் சூட்டில் பசை உருகி அவிழ்ந்துவிடும். எர்த் கம்பி உடலைத் தொடும் இடத்தையும் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து மீண்டும் இறுக்குங்கள்.

மாட்டுவதும் கூலண்ட் நிரப்புவதும்

அட்டையை மீண்டும் செருகி, கூட்டை இறக்கி, அடிமுனைகள் பள்ளங்களில் உட்கார்ந்ததை டார்ச் அடித்துப் பார்த்த பிறகே போல்ட்டுகளைப் போடுங்கள். அவற்றைக் கையால் தொடங்கி, இறுதியில் மிதமாக இறுக்கினால் போதும். பிளாஸ்டிக்கில் பதித்த மரை அதிக முறுக்கைத் தாங்காது. அட்டையை எடுத்துவிட்டு, கம்பிகளை அவற்றின் பழைய கிளிப்புகளிலேயே செருகுங்கள். தொங்கும் கம்பி ஒன்று இறக்கையில் சிக்கினால் செய்த வேலை எல்லாம் வீணாகும். கடைசியாகப் பேட்டரியின் நெகட்டிவ் முனை.

கூலண்ட் இறக்கியிருந்தால், வண்டியின் கையேட்டில் சொல்லப்பட்ட வகையைத்தான் நிரப்ப வேண்டும். அடர்ந்த கூலண்ட் என்றால், காய்ச்சி வடித்த நீரைச் சரிபாதி கலக்கலாம். நம் ஊரில் பனி உறைவதில்லை, ஆகவே தண்ணீரே போதும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. உறையாமல் காப்பது கூலண்டின் வேலைகளில் ஒன்று மட்டுமே. அது கொதிநிலையை உயர்த்துகிறது, உள்ளே துருவும் அரிப்பும் வராமல் காக்கிறது. போர்த் தண்ணீரின் உப்பு, ரேடியேட்டரின் குறுகிய குழாய்களில் படிந்து அடைத்துவிடும். கூலண்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பான கொடிய நஞ்சு. தட்டில் இறக்கியதை நாயோ குழந்தையோ அணுகும்படி வைக்கக் கூடாது, சாக்கடையிலும் ஊற்றக் கூடாது. நிரப்பிய பின் மூடியைத் திறந்து வைத்து, ஹீட்டரைச் சூட்டில் வைத்து, எஞ்சினை நிதானமாக ஓடவிட்டால் காற்றுக் குமிழ்கள் வெளியேறும். அளவு இறங்க இறங்க ஊற்றி, குமிழ்கள் நின்றதும், ஃபேன் ஓடும் வெப்பம் வருவதற்கு முன் மூடியைப் போட்டுவிட வேண்டும்.

ஓடவிட்டுப் பார்ப்பது

ஏசியைப் போடுங்கள், ஃபேன் ஓட வேண்டும். ஓடினால் மட்டும் போதாது, சரியான திசையில் ஓட வேண்டும். கண்டென்சருக்கு முன்னால், கிரிலின் மீது ஒரு காகிதத்தைப் பிடித்தால் அது உள்நோக்கி இழுக்கப்பட்டு ஒட்டிக்கொள்ள வேண்டும். காகிதத்தை வெளியே தள்ளினால் பாசிட்டிவும் நெகட்டிவும் மாறியிருக்கின்றன; கப்ளரை வெட்டி இணைத்தவர்களுக்கு இது நேரக்கூடியது. தலைகீழாகச் சுற்றும் ஃபேன், பார்வைக்குச் சரியாக ஓடுவது போலவே தெரியும் என்பதால் இந்தச் சோதனையைத் தவிர்க்கக் கூடாது.

பிறகு ஏசியை நிறுத்திவிட்டு, வண்டியை நின்ற இடத்திலேயே ஓடவிட்டு, ஃபேன் தானாக ஓடத் தொடங்கி, வெப்பம் குறைந்ததும் தானாக நிற்கிறதா என்று காத்திருந்து பாருங்கள். இரண்டு மூன்று சுற்றுகளாவது இது நடக்க வேண்டும். முள் இல்லாத கார்களில், ஸ்டியரிங்குக்கு அடியில் உள்ள சோதனைத் துளையில் செருகும் சிறிய ஓபிடி ஸ்கேனர் வழியாகக் கைபேசியில் கூலண்டின் வெப்பத்தைப் பார்க்கலாம். விலை குறைந்த அந்தக் கருவி இந்த ஒரு வேலைக்காகவே வாங்கத் தகுந்தது.

ஃபேன் ஒழுங்காக ஓடியும் வெப்பம் ஏறிக்கொண்டே போனால், அடைத்துக்கொண்ட ரேடியேட்டர், திறக்காத தெர்மோஸ்டாட், தேய்ந்த வாட்டர் பம்ப் ஆகியவற்றைப் பார்க்க வேண்டியிருக்கும். ஃபேன் ஓடாமல் பல முறை சூடேறிய வண்டி என்றால், கூலண்டின் துணைத் தொட்டியான ரிசர்வாயரில் இடைவிடாமல் குமிழ் வருகிறதா, எஞ்சின் ஆயில் பால் நிறத்துக்கு மாறியிருக்கிறதா, புகைக்குழாயில் அடர்ந்த வெண்புகை தொடர்ந்து வருகிறதா என்பதையும் கவனியுங்கள். இவை ஹெட் கேஸ்கட் போனதன் அடையாளங்கள். அதற்கு மேல் வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கை அழைப்பதே சரி.

எல்லாம் சரியாக இருந்தால், சில நாள் ஓட்டத்துக்குப் பிறகு, ஃபேன் நீண்ட நேரம் ஓடி நின்றவுடன், எஞ்சினை அணைத்து, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டுக் கப்ளரைத் தொட்டுப் பாருங்கள். சுற்றியுள்ள பாகங்களைவிட அது மட்டும் கூடுதலாகச் சூடாக இருந்தால் அதன் பின்கள் இறுக்கமாகப் பிடிக்கவில்லை. கழற்றி மீண்டும் சரிசெய்ய வேண்டும். கூட்டின் போல்ட்டுகளை ஒரு முறை சரிபார்த்து, மறுநாள் காலை குளிர்ந்த எஞ்சினில் ரிசர்வாயரின் அளவு இரண்டு கோடுகளுக்கு இடையில் நிற்கிறதா என்று பாருங்கள்.